கிளை கட்டிய மாப்பிள்ளை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது, என் வாழ்நாளில் ஒரு தடவைகூட நான் கிளை கட்டாமல் இறங்கியதில்லை.

கிளை என்றால் மரக்கிளைதான். எழுபதுகளின் கடைசியில் கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். குவார்ட்டர்ஸ் மலை உச்சியில், கடைவீதி அடிவாரத்தில். நடுவில் எட்டு மைலுக்கு வளைந்து வளைந்து இறங்கும் கப்பி ரோடு. மழைக்காலத்தில் நாலாவது வளைவு வருவதற்குள் பிரேக் கட்டை தேய்ந்து, வெறும் இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருக்கும். அதனால் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். கை தடிமனுக்கு ஒரு கிளையை இலையோடு வெட்டி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, ரோட்டில் இழுபட விடுவார்கள். கிளை பின்னால் தரையைப் பெருக்கிக்கொண்டு வரும். சைக்கிள் அடங்கி ஒடுங்கி நல்ல பிள்ளையாக இறங்கும்.

நானும் கட்டினேன். ஆனால் எனக்கு இருபத்தெட்டு வயது. கிளையை இழுத்துக்கொண்டு கடைவீதிக்குள் போக வெட்கம். ஆகவே கயிற்றில் உருவு முடிச்சுப் போட்டு வைப்பேன். கடைவீதிக்கு முந்தைய வளைவில் இடது கையைப் பின்னால் விட்டு ஒரே இழுப்பு. கிளை ஓரத்து ஓடைக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் இருநூறு கஜம் இறக்கத்தில் தலைமுடி பறக்க, பெடலைப் பின்பக்கமாகச் சும்மா சுழற்றிக் 'கிர்ர்ர்' என்று சத்தம் கிளப்பிக்கொண்டு டீக்கடை வாசலில் போய் நிற்பேன்.

"எய்யா, சூப்பர்வைசர் ஐயா மலைலேர்ந்து பறந்துல்லா வாராரு!" என்பார் டீக்கடைக்காரர்.

நான் ஒன்றும் பேசாமல் டீயை வாங்கிக்கொள்வேன். (பேசினால் பொய் சொல்ல வேண்டி வரும். சும்மா இருந்தால் பொய் இல்லை பாருங்கள்!) என் வீரம் முழுவதும் அந்தக் கடைசி இருநூறு கஜத்தில்தான் இருந்தது. அதுதான் கடைசியில் என் குடும்பத்துக்கே வினையாக வந்து சேர்ந்தது.

என் மாமனார் வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில். பனங்காடு, நிலக்கடலை, கொஞ்சம் நெல்வயல், உயிருக்கு உயிராக ஒரு ஜோடிக் காளை. என் மச்சான் துரைசாமி, அதாவது என் மனைவி மரகதத்தின் அண்ணன், கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தார். ஒரு லீவில் எங்களைப் பார்க்க மலைக்கு வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கியது அந்த டீக்கடை வாசலில். அவர் கண்ணில் பட்டது என்னுடைய அந்தக் கடைசி இருநூறு கஜம்.

ஊருக்குத் திரும்பிப் போய், "மாப்பிள்ளை மலையில சைக்கிள் உடறதப் பார்த்தா நமக்கு வவுறு கலங்குதுங்க அய்யா. பிரேக்கையே தொடறதில்லீங்க" என்று ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவிட்டார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கேட்ட மாமனாருக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது.

அடுத்த வருஷம் மரகதம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் இருவரையும் மலைக்குக் கூட்டிவருவதாகப் பேச்சு. நான் குவார்ட்டர்ஸ் ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பலகை அடித்தேன். கரி அடுப்பு ஒன்று வாங்கி வைத்தேன். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி, அது தாங்குமா என்று நானே ஒரு நிமிஷம் தொங்கிப் பார்த்தேன். ஆறேழு மாதமாக அந்த வீட்டில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. ஒரு வாரம் லீவு போட்டுக் கிளம்பினேன். (கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போவதற்கு கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது.)

மாமனார் வாய் நிறைய வரவேற்றார், கோழி அடித்தார். எல்லாம் சரி. "எப்ப மாமா தாட்டி உடறீங்க?" என்று அனுப்பிவைப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பார்க்கலாமுங்க மாப்பிள்ளை" என்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

"எங்கய்யன் பார்க்கலாமுன்னா வேண்டாமுன்னு அர்த்தமுங்க" என்றாள் மரகதம். "பிரேக்கே புடிக்காம மலையில போறவருகிட்டப் பச்சப் புள்ளய எப்பிடித் தாட்டி உடறதுன்னு அம்மாகிட்டச் சொன்னாராமா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ள கதி என்னன்னு கேக்கறாரு."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க கிளை கட்டித்தான் எறங்கறீங்கன்னு நான் சொல்லிப் போடட்டுங்களா?"

"கூடவே கூடாது!" என்றேன்.

இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் என்றிருக்கிறது. ஒரே ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் துரைசாமி மச்சான் வேறு லீவில் வந்திருக்கிறார். அவர் முன்னால் 'பறக்கும் மாப்பிள்ளை' என்ற பெயரை இழப்பதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"அப்பச் சரி. ஊருக்குக் கெளம்பற வரைக்கும் கையக் கால வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அது போதும்" என்றாள் மரகதம்.

சும்மா இருக்க முடியாமல் போனதற்குக் காரணம், மச்சான் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சைக்கிள். தன் மகளுக்கென்று வாங்கியது. மகளுக்கு மூன்று வயது, ஆகவே அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். நமக்கெல்லாம் சைக்கிள் என்றால் மட்கார்டு, கேரியர், பெல், டைனமோ எல்லாம் சேர்ந்ததுதான். இதில் ஒன்றுமே கிடையாது. சின்னச் சக்கரம், முள்ளு முள்ளாகக் கொழுத்த டயர், மாட்டுக் கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கும் ஹேண்டில்பார். முக்கியமான விஷயம், ஹேண்டில்பாரில் பிரேக் பிடி இல்லை. சக்கரத்தில் பிரேக் கட்டையும் இல்லை. குனிந்து, உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் தரையில் படுத்தும் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை. (அதற்கு பி.எம்.எக்ஸ். என்று பெயர் என்பது எனக்கு இருபது வருஷம் கழித்து டிவியில் பார்த்துத்தான் தெரிந்தது.)

மச்சான் அதில் ஏறி, கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டை நோக்கி வேகமாகப் போனார். ஆள் உயர மேடு. ஏறினார். உச்சியில் சைக்கிளோடு ஒரு சாண் ஆகாயத்தில் எழும்பினார். அந்தப் பக்கம் இறங்கி, வயல் வரப்புக்குப் பக்கத்தில் அழகாக நின்றார். எப்படி நின்றார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"நீங்க ஒருக்கா போறீங்களா மாப்பிள்ளை? மலையில பறக்கறவருக்கு இதெல்லாம் எம்மாத்திரமுங்க!" என்றார் மச்சான். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"இதுல பிரேக் எங்க?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால், பிரேக்கையே தொடாதவன் பிரேக்கைத் தேடுகிறான் என்று ஆகிவிடும். "ஞாயித்துக்கெழம பார்க்கலாமுங்க மச்சான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஏன் வாயில் வந்தது தெரியுமா? அன்றைக்கு மாமனார் வயலில் காளப்பூட்டுக்கு ஒத்திகை. அந்த ஊர்ப் பக்கத்தில் வயலில் தண்ணீர் விட்டு உழுது சேறாக்கி, ஜோடி மாடுகளைப் பூட்டி ஓடவிடும் பந்தயத்துக்குத்தான் அந்தப் பெயர். அக்கம் பக்கத்துக்காரர்கள் ஐம்பது பேராவது வரப்பில் வந்து நிற்பார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த மேட்டைத் தாண்டி, மாமனார் காலடியில் போய்க் கச்சிதமாக நின்று காட்டினால், "ஆகா, மாப்பிள்ளைக்குச் சைக்கிள் சொன்னபடி கேட்கிறது" என்று அவர் பயம் தெளிந்துவிடும். மகளையும் பேத்தியையும் அனுப்பிவிடுவார். இதுதான் என் திட்டம். திட்டத்தில் ஓட்டை இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றிலிருந்து மூன்று நாள், விடிந்தும் விடியாமலும் பனங்காட்டுக்குள் ஒரு சின்ன மேட்டில் பயிற்சி. முதல் நாள் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் மோதி மோதி வீங்கின. இரண்டாம் நாள் மாமியார் எடுத்துத் தந்த புது வேட்டியைச் சங்கிலி தின்றுவிட்டது. அதை உருவி எடுப்பதற்குள் விடிந்துவிட்டதால், துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன். ஆனாலும் விடவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்துக் காக்கி டவுசரைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மேட்டில் ஏறுவது வந்துவிட்டது. இறங்கும்போதுதான் ஒரு வினோதம். இறக்கத்தில் பெடலைப் பின்பக்கம் சும்மா சுழற்றுவது என் வழக்கம் என்று சொன்னேன் அல்லவா? இங்கேயும் கால் தானாகப் பின்னால் போகும். போன அந்தக் கணமே பின்சக்கரம் இறுகி, சைக்கிள் வழுக்கி, நான் பக்கவாட்டில் சரிந்து கிடப்பேன். ஏழு தடவை விழுந்தேன். வேறு யாராக இருந்தாலும் ஏழு தடவை ஒரே மாதிரி விழுந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நான் சங்கிலியில் கோளாறு என்று தீர்மானித்து, சமையலறையிலிருந்து விளக்கெண்ணெய் எடுத்துவந்து தாராளமாக விட்டேன்.

"முழங்கையில என்னுங்க காயம்?" என்றாள் மரகதம்.

"பனங்கருக்கு கிழிச்சிருச்சு."

"மூஞ்சியிலயுமா?"

"அங்கயும் பனைதான்." அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏறவும் தாண்டவும் வந்தாகிவிட்டது. நிறுத்துவதற்கு ஒரு வழி வேண்டும். பிரேக் இல்லாத சைக்கிளை நிறுத்த எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு வழிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் பார்க்காத நேரத்தில் வேப்பமரத்தில் ஒரு கிளை வெட்டினேன். கேரியர் இல்லாததால் சீட்டுக்குக் கீழே இருந்த குழாயில் மாட்டுக் கயிற்றைக் கட்டி, வழக்கமான உருவு முடிச்சுப் போட்டேன். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து கிளம்பினால் வரப்பில் நிற்பவர்களுக்குக் கிளை தெரியாது. மேட்டு உச்சியைத் தாண்டியதும் ஒரே இழுப்பு. கிளை வைக்கோல் போர்ப் பக்கமே விழுந்துவிடும். அதற்குள் வேகம் குறைந்திருக்கும். நான் மட்டும் வெறும் சைக்கிளில் வந்து நிற்பேன். கடைவீதியில் வருஷக்கணக்காகச் செய்ததுதானே!

காளைகள் ஒரு சுற்று ஓடி முடித்து, மேட்டுக்கு நேர் எதிரே சேற்றில் மூச்சு வாங்க நின்றன. மாமனார் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அக்கம் பக்கத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மச்சான் வரப்பில் நின்று, "மாப்பிள்ளை வர்றாரு, வழி உடுங்க!" என்று சத்தம் போட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஏற்றம் முடிந்து உச்சிக்கு வந்தேன். கீழே ஐம்பது முகம், ஓரத்தில் குழந்தையோடு மரகதம். கையைப் பின்னால் விட்டு முடிச்சை இழுத்தேன். வரவில்லை. அன்று காலையும் சங்கிலிக்கு விட்ட விளக்கெண்ணெய் பட்ட விரல் கயிற்றில் வழுக்கியது. இன்னொரு இழுப்பு. அதற்குள் கிளை உச்சிக்கு வந்து, அங்கே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறாங்கல்லில் கவையோடு மாட்டிக்கொண்டது. பயத்தில் கால் தானாகப் பின்னால் போயிற்று. சக்கரம் இறுகியது. கயிறு விறைத்தது. சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது.

நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே கிளம்பி, காளைகளுக்கு முன்னால் ஐந்து முழத்தில் சேற்றுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன். ஆகாயத்திலிருந்து காக்கி டவுசர் போட்ட ஒன்று வந்து விழுந்தால் எந்தக் காளைதான் நிற்கும்? இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தன. மாமனார் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார் என்று சொன்னேன் அல்லவா? அதை அவர் உதறி விடுவதற்குள், வெள்ளை வேட்டியோடு பத்தடி தூரம் வயிற்றாலேயே வயலை உழுதுவிட்டார்.

நான் எழுந்து வாயிலிருந்த சேற்றைத் துப்பினேன். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. அது அதன் வாழ்க்கையில் வாய்விட்டுச் சிரித்த முதல் சிரிப்பு என்று மரகதம் இன்றைக்கும் சொல்கிறாள்.

மாமனார் கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மேட்டில் ஏறினார். கல்லில் மாட்டியிருந்த கிளையைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே சைக்கிள் வரைக்கும் வந்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னுங்க மாப்பிள்ளை?"

"கிளைங்க மாமா."

"கிளைன்னு தெரியுதுங்க. எதுக்குங்க?"

"பிரேக்குங்க."

"அட, பெடலப் பின்னால மிதிச்சா அதுதான் பிரேக்குங்க மாப்பிள்ளை!" என்றார் துரைசாமி மச்சான். ஏழு தடவை விழுந்ததும் விளக்கெண்ணெய் விட்டதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

மாமனார் மச்சானைக் கையமர்த்தினார். "மலையிலயும் இப்பிடித்தானுங்களா?"

வரப்பில் ஐம்பது பேர். பொய் சொல்வதற்கு வாயில் இடம் இல்லை, முழுக்கச் சேறு. "ஆமாங்க மாமா" என்றேன். "ஒரு நாள்கூடக் கிளையில்லாம எறங்குனதில்லீங்க. மச்சான் பார்த்தது கடைசி இருநூறு கஜமுங்க. அதுக்கு முந்தி எட்டு மைலும் கிளைதானுங்க."

வரப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். என் வாழ்க்கையில் அப்படி அவமானப்பட்டதில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. பாதி போயும் இருந்தேன், முழங்கால் வரை சேறு.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "ம்ம்" என்றார். கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர் மாமியாரிடம் பேசியது அங்கே வரைக்கும் கேட்டது. "அம்மிணியோட துணிமணியெல்லாம் எடுத்து வெய்யி. நாளைக்கு மாப்பிள்ளை கூடத் தாட்டி உட்ருவோம். தொரைசாமி பேச்சக் கேட்டு நான்தான் என்னமோன்னு இருந்துட்டேன். மண்மேட்டுல வெளையாடறதுக்கே கிளை கட்டற மனுசன், மலையில புள்ளய வெச்சுக்கிட்டு எப்பிடிப் போவாரு? மாட்டு வண்டியாட்டம் போவாரு. பயமில்ல."

வீரனாக நின்று மனைவியை அழைத்துப் போக வேண்டும் என்று பாடுபட்டேன். பயந்தாங்கொள்ளி என்று நிரூபித்ததால் அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவமானத்தாலா, சந்தோஷத்தாலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால், விடியும் நேரத்தில், அந்தச் சைக்கிளைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். மூன்று தடவை விழுந்தேன். நாலாவது தடவை, கிளை இல்லாமல், ஒரு சாண் எழும்பி, அந்தப் பக்கம் இறங்கி, பெடலைப் பின்னால் மிதித்து, வரப்போரம் கச்சிதமாக நின்றேன். சத்தியமாக நின்றேன். பார்த்தது ஒரு எருமை மட்டும்தான். இன்றுவரை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

பஸ் கிளம்பும்போது மாமனார் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால், புதுத் தேங்காய்நார்க் கயிறு.

"உங்க முடிச்சப் பார்த்தனுங்க மாப்பிள்ளை" என்றார் தணிந்த குரலில். "இதுல உருவு முடிச்சுப் போடாதீங்க." அதற்குப் பிறகு நான் கடைவீதிக்குள்ளும் கிளையோடுதான் போனேன். டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார், பிறகு பழகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதற்குக் கிளம்பினாலும், பரீட்சைக்கோ, இன்டர்வியூவுக்கோ, நிலம் பத்திரம் பண்ணவோ, வாசலில் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்: "கிளை கட்டியாச்சா?" போன வருஷம் என் கண் ஆபரேஷனுக்கு முன்னால் மரகதம் காதோரம் குனிந்தாள். ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் கேட்டாள்.

அன்றைக்குச் சேற்றைப் பார்த்துச் சிரித்த அந்தக் குழந்தையும் வளர்ந்து, கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் மோட்டார் சைக்கிளை அவர் விரட்டுகிற விரட்டு இருக்கிறதே! "எப்போ மாமா கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்டபோதெல்லாம், என்னை அறியாமல் என் வாயில், "பார்க்கலாமுங்க மாப்பிள்ளை" என்று வந்துகொண்டிருந்தது.

நாலாவது தடவை அவர் வந்தபோது வழக்கமான உறுமல் சத்தம் இல்லை. வாசலில் எட்டிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு வேப்பங்கிளை, கயிறு போட்டுக் கட்டி, தரையில் புரண்டுகொண்டு வந்தது. அவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு இறங்கினார். என் மகள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் படியிறங்கிப் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். உருவு முடிச்சு இல்லை. உள்ளே திரும்பி, நல்ல நாள் பார்க்கும்படி மரகதத்திடம் சொன்னேன்.